நடை வேகம்

பிணம் இருக்கும்போது மட்டும் சூடேறுகிறது
என்றேன் ஜுல்மீராவிடம்.
காலியாக வரும்போது?
இல்லை. கல்லறையிலிருந்து திரும்புகையில்
முள் எண்பத்திரண்டில் சாய்ந்து கிடக்கும்,
அதற்கும் வேலை முடிந்த மாதிரி.

பழைய பிராங்க்ஃபர்ட் டாக்சி.
நீட்டிக் கட்டிக் கறுப்படித்து
அமரர் ஊர்தி ஆக்கியிருந்தார்கள், நான் வாங்குமுன்பே.
டீசல். முப்பத்தோரு வயது.
ஷாவிஷ் நகரில் எல்லோருக்கும் தெரியும் அதன் நோய்:
பெட்டி செய்கிறவன் பாரம் என்றான்,
லியோனிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான்
ஹெட் கேஸ்கட், வந்த விலைக்குத் தள்ளு என்றான்.
போன வாரம் பல்தசாரைக் கொண்டுபோனோம்.
பாதி வழியில் பானெட் ஓரம் ஆவி கிளம்பியது.
உயிரோடிருந்தபோதே கொதிக்கிற ஆள்தான்
என்றாள் அவர் மனைவி.

ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டால்
முள் கொஞ்சம் இறங்கும்.
ஆகஸ்ட் மாதம். கறுப்புக் கோட்டு.
முகமெல்லாம் வழிய வழிய ஓட்டினேன்.
இறக்கி வைத்ததும் பல்தசாரின் மகன்கள்
என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்:
எங்களுக்காக இவ்வளவு அழுதீர்களே.

ஜுல்மீரா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.
எண்ணெயில் பால் கலந்த நிறம் இல்லை.
காலையில் ஹோஸ் தொளதொளவென்றிருந்தது.
கீழ்க்குழாயைத் தொட்டுக் கையை உதறினாள்,
தெர்மோஸ்டாட் திறக்கிறது.
நெடுஞ்சாலையில் நூறில் போனால் சூடு இல்லை,
நடை வேகத்தில்தான்.
அப்படியென்றால் தண்ணீர் இல்லை, காற்று
என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.
வா, ஊர்வலம் போகலாம்.

மாலை ஐந்து மணி.
முன்னால் பிரெஞ்சு நம்பர் பிளேட்டுகள்,
ஊர் திரும்பியவர்களின் பளபளப்பு,
பின்னால் காலி ஊர்தி, முதல் கியர்.
அவள் பானெட்டில் ஒரு கை வைத்து
தலை குனிந்து கூடவே நடந்தாள்.
கேட்பதற்காகத்தான் குனிந்தாள்.
தெருவுக்கு அது தெரியாது.
தொப்பிகள் கழன்றன.
கஃபேயில் யாரோ டிவியை அணைத்தார்கள்.
ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒருவர்
அதை முதுகுக்குப் பின்னால் மறைத்து
மற்ற கையால் சிலுவைக் குறி போட்டார்.
ஐஸ்கிரீம் அவர் முழங்கையில் ஒழுகியது.

தொண்ணூற்றைந்து என்றேன் ஜன்னல் வழியே.
நட.
நூற்றைந்து.
இன்னும் நட. ஃபேன் எப்போதாவது உறுமுமா?
இரண்டு வருடமாக இல்லை. முன்பு உறுமும்.
வண்டி இப்போது பூனை மாதிரிப் போகிறது என்று
பாதிரியாரே பாராட்டினார்.
அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், அதேரிதோ.

தாமெகா பாலத்தின் நடுவில் கை உயர்த்தினாள்.
என் சீட்டில் கிடந்த செய்தித்தாளை
இறுக்கிச் சுருட்டினாள், இரங்கல் பக்கம் வெளியே தெரிய,
ஓடுகிற விசிறியின் மேல் லேசாக வைத்தாள்.
நின்றுவிட்டது.
கொதிக்கிற எஞ்சின் முன்
ஒரு காகிதத்துக்குப் பணிந்து நின்றது.
கிளச்சில் இருந்த எண்ணெய்
எந்தச் சாவு ஊர்வலத்திலோ
சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது.

பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றோம். ஹாரன் இல்லை.
அடுத்த காரிலிருந்து ஒரு பெண் மெல்ல இறங்கி
யார் போனது? என்றாள்.
ஃபேன், என்றாள் ஜுல்மீரா.
பாவம், என்றாள் அந்தப் பெண்,
எந்த ஊர்க்காரர்?

வியாழனன்று புதுக் கிளச்.
சனியன்று இசைக்குழு ஆசிரியை ஒலிந்தா.
மேட்டில் ஏறும்போது விசிறி பிடித்துக்கொண்டு
லாரி மாதிரி உறுமியது.
ஜெபம் யாருக்கும் கேட்கவில்லை.
பாதிரியார் திரும்பி முறைத்தார்,
டியூபா வாசிக்கிறவன் மட்டும் சிரித்தான்.
எனக்கு நெற்றியில் ஒரு துளி வேர்வையில்லை.
ஒலிந்தாவின் தங்கை அதைக் கவனித்தாள்.
இறக்கி வைத்தபின்
யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.