பதினேழு குழி

நெதர்லாந்தில் பிப்ரவரி மழை
படுக்கைவாட்டில் பெய்கிறது.
பூங்கா வேலியின் ஓட்டையில்
ஒற்றைக் கண்ணைப் பதித்து
"பதினேழு குழி" என்கிறான் ஹைஸ்.
அப்படியென்றால் இரட்டைச் சுழல்,
என்கிறாள் வீட்ஸ்கே.
நேற்றும் இரட்டைச் சுழல்தான் என்றாள்,
நேற்று ஒன்பது குழி.

காற்று தார்ப்பாயைத் தூக்கியபோது
நீலத் தண்டவாளம் ஒரு சாண் தெரிந்தது.
அந்த ஒரு சாணில்
அறுபது மீட்டர் ஏறி
தலைகீழாய்த் தொங்கி
கால்வாயை நோக்கி விழுந்து
வயிறு தொண்டையில் நிற்க
திரும்பி வந்துவிட்டோம் மூவரும்.

சிகரெட் பற்றவைக்க ஒதுங்கிய வெல்டர்
எங்களைப் பார்த்தார்:
"அது கழிப்பறைக்கு."

கொஞ்ச நேரம் மழை மட்டும்.

பிறகு ஹைஸ், மெல்ல:
"கழிப்பறைக்கே பதினேழு என்றால்
வரிசை எவ்வளவு நீளமாயிருக்கும்,
யோசி."