முறை மாறிய தண்ணீர்

பதினெட்டாம் நாள்தான் செங்கமலம் கவனித்தாள்.
பாதி மூடியே கிடந்த இடது இமை
ஒவ்வொரு உறிஞ்சலுக்கும்
வெடுக்கென்று மேலே போய் இறங்கியது.
"கண்ணால குடிக்குதுங்க" என்றாள்.
மூணாறு தலைப்பிலிருந்து ஈரக் கைலியோடு
அப்போதுதான் வந்திருந்தேன்.
முறைத்தண்ணீர் வாரம்,
இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கி.

தஞ்சாவூரில் டாக்டர்
மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் கோடு போட்டார்.
தாடைக்குப் போகிற நரம்பில் ஒரு கிளை
இமைக்குப் போயிருக்கிறது, கருவிலேயே.
யார் செய்த தப்பும் இல்லை என்றார்,
செங்கமலத்தைப் பார்த்து, இரண்டு முறை.
கிரகணத்தன்று அவள்
அரிவாள்மணையைத் தொட்டது
அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குக் கோடு புரிந்தது.
லஸ்கர் வேலையில் இருபது வருஷம்.
நண்டு வளைக்குள் புகுந்து
அடுத்தவன் வயலை நனைக்கிற தண்ணீரைப் பார்த்தவன்.
அடைக்கப் போய்
கரையே சரிந்ததையும் பார்த்தவன்.
பார்வை கெடவில்லை,
அறுக்கலாம், விடவும் செய்யலாம் என்றார்.
விட்டோம்.

பேர் தையல்நாயகி.
மூன்றாம் வகுப்பில், சத்துணவு வரிசையில்,
எதிரே இருந்த பையன் கத்தினான்:
"டீச்சர், கண்ணடிக்கிறா."
எழுந்து நின்று சாப்பிடச் சொன்னார் டீச்சர்.
நின்றபடி சாப்பிட்டாள்,
முட்டை தீரும்வரை கண்ணடித்தாள்.
அதற்கப்புறம் சுவரைப் பார்த்துத்தான் சாப்பாடு.
வீட்டிலும்.
ஏழு வருஷம் அவள் சோறு தின்கிற முதுகை
எனக்கு நன்றாகத் தெரியும்.

தாடையை வலப்பக்கம் தள்ளினால்
இமை தூக்கிக்கொண்டு நிற்கும் என்று
அவளாகவே கண்டுபிடித்தாள்.
கரும்பலகையின் மேல்வரி தெரிந்தது.
பிறகு எந்நேரமும் சூயிங்கம்,
ஜியாமெட்ரி பாக்ஸிலும் சூயிங்கம்.

பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு
நீடாமங்கலத்தில் படம் எடுக்கப் போனோம்.
"வாயை மூடும்மா. கண்ணை நல்லாத் திறம்மா."
"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்றாள்.
போட்டோக்காரன் என்னைப் பார்த்தான்.
நான் குடையைப் பார்த்தேன்.
படத்தில் தாடை கொஞ்சம் வலப்பக்கம்,
கண் இரண்டும் விரிய,
கன்னத்தில் ஒரு பதிலை ஒதுக்கி வைத்தவள் மாதிரி.

அன்று ராத்திரி குறவை மீன் குழம்பு.
தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள்
சுவருக்கு முதுகைக் கொடுத்து
எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. முள் எடுத்தாள், மென்றாள்.
இமை ஏறியது, இறங்கியது.
செங்கமலம் கரண்டியோடு நின்றாள்.

ஷட்டர் தூக்கச் சுற்று எண்ணியே பழகியவன் நான்.
பதினேழு வரை எண்ணினேன்.
அப்புறம் எனக்கும் பசித்தது.