பெயர்கள் ஓடும் நேரம்

ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு மொழியில் பெயர் எழுதிய
பீல் நகரத்தில், மூன்று திரை உள்ள ஒரு சினிமாவில்,
எந்தப் படத்தையும் நான் தொடக்கத்திலிருந்து பார்த்ததில்லை.
கதை முடிந்து, திரை கறுத்து,
பெயர்கள் மேலே ஏறத் தொடங்கும்போதுதான்
தும்புத்தடியும் குப்பைப் பையுமாய்
கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற என்னை
உள்ளே விடுவார்கள்.

மாசிக் கடைசியில் ரேட்டோ
ஒரு கோப்பித் தகரத்தைக் கொண்டுவந்து
டிக்கெட் மேசையில் வைத்தான்.
ஆளுக்கு ஐந்து பிராங்.
அமெரிக்காவில் அந்தத் தங்கப் பொம்மை
யார் யார் கைக்குப் போகும் என்று
இருபத்துமூன்று வரியும் நிரப்பிப் போடவேண்டும்.

மயேல் சினிமா படிக்கிற பிள்ளை.
வாக்குப் போடுகிறவர்களின் சராசரி வயதுவரை
கணக்கெடுத்து வைத்திருந்தாள்.
புரூனோ சொன்னான்:
"பத்துக் கிலோ மெலிந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள்.
இந்த வருஷம் மெலிந்தது யார், அதைச் சொல்லு."
ரேட்டோ டிக்கெட் விற்ற கணக்கைப் பார்த்தே எழுதினான்.
மனுஷன் உப்பு விற்றாலும் அப்படித்தான்.

"யோகா, நீயும் போடு."
என் பெயர் யோகமலர்.
யோகம் என்றால் அதிர்ஷ்டம் என்று
பதினொரு வருஷமாய்ச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.
முதுகுப் பிடிப்புக்கு எந்த ஆசனம் நல்லதென்று
இன்னும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

எனக்குத் தெரிந்தது கதிரைகள்.
சோளப்பொரி பாதியில் நின்றிருந்தால்
படம் எங்கேயோ தொண்டையைப் பிடித்திருக்கிறது.
அடிவரை காலியென்றால்
ஆட்கள் கையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.
ஒற்றைக் கையுறை மறந்துபோனால் நல்ல படம்.
சோடியாய் மறந்துபோனால்
அது படத்தால் இல்லை,
பின்வரிசைக் கதை.

துறைமுகத்து விதவையின் படத்துக்கு
நனைந்த காகிதம் ஒரு பை நிறையச் சேர்ந்தது.
ஒருவர் விளக்குப் போட்ட பிறகும் எழும்பவில்லை.
நான் கூட்டிக்கொண்டு போக,
சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு காலையும் தூக்கித் தந்தார்.
அதனால் சிறந்த நடிகைக்கு அவளை எழுதினேன்.

ஒலிக்கு எழுதும்போது மட்டும் யோசிக்கவில்லை.
அந்த மலைநாட்டுப் படம்.
பெயர்கள் ஓட ஓட முழுக்க மழை.
நான் நிலத்தைப் பார்த்தே கூட்டுகிறவள்.
சட்டென்று கூரையை அண்ணாந்து பார்த்தேன்.
பிறகு போய் வாளியை எடுத்துக்கொண்டு வந்து,
ஒழுக்கு எந்தக் கதிரைக்கு மேலே என்று
ஏழாம் வரிசையில் கையை நீட்டித் தேடினேன்.
கை காய்ந்தபடியே இருந்தது.
வாளியோடு நின்று முழுவதையும் கேட்டேன்.

பரிசு இரவு. எங்களுக்கு விடியப்புறம் இரண்டு மணி.
முன்கூடத்தில் ஒன்பது பேர்.
மயேல் சரி போட்டுக்கொண்டே போனாள்.
விதவை தோற்றாள்.
பரிசு, பத்துக் கிலோ கூடியவளுக்குப் போனது.
"மெலியிறது இல்லையா, கூடுறதா!" என்று
புரூனோ தலையில் அடித்துக்கொண்டான்.

ஒலிக்கு வந்தபோது
பாதிப் பேர் புகைக்கப் போய்விட்டார்கள்,
மீதிப் பேர் பீட்சாவைச் சூடாக்கினார்கள்.
தொலைக்காட்சிக்கு முன்னால் நானும்
ரேட்டோவின் குறட்டையும்.
உறை பிரிந்தது.
மலைநாட்டுப் படம்.

மேடைக்கு வந்தவன் கடுதாசியை விரித்தான்.
கோட்டு அவனுடையது இல்லை, தோளில் தெரிந்தது.
நாலு சொல் சொல்வதற்குள்
வாத்தியங்களை உயர்த்தி அவனை இறக்கிவிட்டார்கள்.
அவன் பெயர் எனக்குத் தெரியும்.
படம் முடிந்து மூன்றாவது நிமிஷம்,
சாப்பாடு கொடுத்தவர்களுக்குச் சற்று மேலே,
இடப்பக்கம்.
நாற்பது தரம் என் தலைக்கு மேலால் போன பெயர்.
முகத்தை இன்றைக்குத்தான் காண்கிறேன்.
காது கொஞ்சம் பெரிது.

மயேலுக்குப் பதினேழு சரி.
நாற்பத்தைந்து பிராங்கும் அவளுக்கு.
எனக்கு நாலு.
தகரத்தை அலசிக் கவிழ்த்து வைத்தேன்.
முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.
வெளியே மெய்யாகவே தூறிக்கொண்டிருந்தது,
அவ்வளவு நல்ல சத்தம் இல்லை.