அரைக் கிலோ

இருபத்திரண்டாம் நிமிடம்.
பந்து தோளில் பட்டதா, கையிலா?
எனக்கும் பந்துக்கும் நடுவே ஒரு முதுகு,
அதில் ஐந்து என்ற எண்.
சத்தம் மட்டும் கேட்டது.
ஊதிவிட்டேன்.

ஊதிய விசிலைத்
திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடியாது.
திரையில் போய்ப் பார்த்துவிட்டு வரும் வசதி
எங்கள் லீக்கில் இன்னும் வரவில்லை.

இடைவேளையில் நான்காம் நடுவர்
தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி
"தோள்தான்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

எழுபத்தொன்பதாம் நிமிடம், எதிர்ப்பெட்டி.
அதே உயரத்தில் பந்து. அதே மாதிரி ஒரு தோள்.
இந்த முறை குறுக்கே யாரும் இல்லை,
தெளிவாகத் தெரிந்தது.
பத்துப் பேர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.
முன்னால் வந்தவன் ஷாபின்,
சின்னத்துறைக்காரன்,
எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு.
நான் இரு கையையும் முன்னால் வீசினேன்:
விளையாடு.

ஒன்று பூஜ்யம்.

திங்கள் விடியற்காலை
தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்பவனும் நான்தான்.
ஆட்டத்துக்குக் கிடைக்கும் படி
ரயிலுக்கும் இரண்டு வேளைச் சோற்றுக்கும் சரியாய்ப் போகும்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு மக்கா,"
கிளிட்டஸ் சூரைப் பெட்டியை இறக்கினான்.
"அங்க குடுத்தா இங்கயும் குடுக்கணும்.
இல்லேன்னா அங்கயும் குடுக்கப்பிடாது."
ஒரு பையன் போனில் ஆட்டத்தை நிறுத்தி
செதில் ஒட்டிய விரலால் என்னைப் பெரிதாக்கினான்.
திரை முழுக்க என் மூக்கு.

"சட்டம் தெரியாதவனுக்கு விசில் எதுக்கு?"
"சட்டமெல்லாம் தெரியும்வோய், கண்ணுதான் தெரியாது."
"கண்ணும் தெரியும்.
சொந்த ஊர்க்காரனுக்குக் குடுத்தா
பேரு கெட்டுரும்னு பயம்."
கடைசியாகச் சொன்னது லூர்துமலர்,
ஏலம் எடுக்க வந்தவள்.
அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.
அந்த நொடியில் தோளைப் பார்த்தேனா
ஷாபினைப் பார்த்தேனா என்று
எனக்கே இப்போது தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள்
தட்டில் ஒட்டிக் கிடந்த ஐஸைக் கவனிக்காமல்
தராசில் பூஜ்யத்தை அழுத்திவிட்டேன்.
ஐஸ் உருகி ஓடியது.
பிறகு ஏறிய பெட்டிக்கெல்லாம்
அரைக் கிலோ குறைந்தது.
நாற்பத்தொரு பெட்டி வரைக்கும்
ஒருவனும் வாய் திறக்கவில்லை.
எல்லாவனுக்கும் ஒரே மாதிரிதானே!
கண்டுபிடித்து, துடைத்து,
நாற்பத்திரண்டாவதைச் சரியாக நிறுத்தேன் பாருங்கள்,
அப்போது தொடங்கியது சண்டை.
நாற்பத்தொன்றாவது பெட்டி கிளிட்டஸுடையது.
"அவனுக்கு மட்டும் சரியா நிறுக்க
அவன் என்ன ஒனக்கு மச்சினனா?"

அன்றைக்கு நோட்டு இருந்தது.
இருபதரைக் கிலோவைப் பெயர் பெயராய்ப் பிரித்து
மாலைக்குள் கணக்கைத் தீர்த்தேன்.
மைதானத்தில் அப்படியொரு நோட்டு இல்லை.
முதல் தப்பை நேராக்க
இரண்டாவது தப்பைச் செய்யலாம்,
அதற்கு ஒருமைப்பாடு என்று பெயரும் வைக்கலாம்.
தோற்றவன் கைகுலுக்குவான்,
ஜெயித்தவன் திட்டுவான்,
என் தூக்கம் அப்போதும் போயிருக்கும்.

ஷாபின் வந்தான். பைக்கை நிறுத்தவில்லை,
ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.
"அண்ணா, மொதல்ல உள்ளது தப்புதானே?"
"ஆமா."
"ரெண்டாவது?"
"அது சரி."
"அப்பம் நாங்க தோத்தது
சரியா, தப்பா?"

கடல்காற்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது.
சிவப்பு எண்கள்
முப்பத்தெட்டில் நிற்காமல், முப்பத்தொன்பதிலும் நிற்காமல்
துடித்தன.
எண் அசையாமல் நிற்கும்வரை எழுதக்கூடாது.
துறைமுகத்தில் அது விதி.

பின்னால் பதினாறு பெட்டி வரிசையில்.
கிளிட்டஸ் கத்தினான்:

எழுதுலே.