அடிக்குறிப்பு ஏழு

வால்டிவியாவில் ஜூலை. மூன்று நாளாய்
விடாத மழை.
என் கட்டுரையின் நான்காம் பக்கத்தில்
ஒரு வாக்கியம் மட்டும் நனையாமல் இருந்தது:

கடற்சிங்கங்கள் ஆற்றுக்குள் வரவில்லை;
நிலம் நடுங்கிய ஆண்டில்
ஊர்தான் கடலுக்குள் இறங்கிப் போனது.

அழகாய் இருந்தது. அதுதான் சந்தேகம்.
மற்ற வாக்கியங்களை எனக்குத் தெரியும்,
எல்லாம் கொஞ்சம் அடிபிடித்தவை.
இது வேறு யார் வீட்டுப் பந்தியிலிருந்தோ எழுந்து வந்து
என் தட்டில் உட்கார்ந்திருந்தது.

பல்கலைக்கழக மென்பொருளில் ஏற்றினேன்.
பச்சை விளக்கு. ஒப்புமை: பூஜ்யம் விழுக்காடு.
“தப்பித்தாய், தூங்கு” என்றான்
அறைத்தோழன் லிசாந்த்ரோ.
போன பருவத்தில் யாருடைய அத்தியாயத்தையோ
சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தவன் அவன்.
‘பெரிய’ இருந்த இடத்தில் ‘மாபெரும்’,
‘மழை’ இருந்த இடத்தில் ‘நீர்ப்பொழிவு’.
இரவல் கோட்டை நம்பி
இடுப்புக் கந்தையை எறிந்த கதை.
விசாரணையில், நீர்ப்பொழிவு என்றால் என்ன
என்று கேட்டார்களாம்.
ஜன்னலைப் பார்த்தபடி நின்றானாம்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.
நூலகச் சீட்டுகள், நகல்கள், குறிப்பேட்டின் ஓரங்கள்,
எல்லாவற்றையும் கிளறினேன்.
மே மாதப் பக்கம் ஒன்றில்
ஒரு மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

குரல் அப்போதுதான் கேட்டது.

விடிந்ததும் ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனேன்.
ஒன்பதாம் எண் கடையில் எதுவினா பாயலெஃப்
மெர்லூசாவின் தலையை வெட்டி
திரும்பிப் பாராமல் பின்னால் எறிந்தாள்.
காற்றிலேயே பிடித்தது ஒரு கடற்சிங்கம்.
வாக்கியத்தைச் சொன்னேன். “இது உங்களுடையது.”
“நானா சொன்னேன்?” கத்தியைத் துடைத்தாள்.
“இருக்கும். பஸ்ஸில் யாரோ சொன்னதாகவும் இருக்கும்.
எத்தனை கிலோ?”

அரைக் கிலோ.
பெயர் போடலாமா என்று கேட்டேன்.
“போடு. பிழையில்லாமல் போடு”
என்று எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள்,
நான் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளும்வரை
வரிசையில் நின்றவர்களைக் காக்கவைத்து.

மேற்கோள் குறி இரண்டும் விழுந்ததும்
பக்கம் சட்டென்று ஏழையாகிவிட்டது.
மிஞ்சியது என்னுடையது.
நொண்டி. ஆனாலும் தன் காலில்தான் நொண்டியது.

கீழே, எண் ஏழிட்டு, சிறிய எழுத்தில்:
எ. பாயலெஃப், நேர்ப்பேச்சு, மீன் சந்தை,
கடை எண் ஒன்பது, மே மாதம், மழை.
தானும் எங்கோ கேட்டிருக்கலாம் என்கிறார்.

பேராசிரியை பூர்க்மான் திருப்பித் தந்த தாளில்
ஏழுக்கு ஐந்து.
அடிக்குறிப்பில் ஒரே ஒரு சொல்லை அடித்திருந்தார்:
மழை.
ஓரத்தில் பென்சிலால்,
‘இந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்தது.
சான்று வேண்டாம்.’