நாற்பத்தொரு விநாடி

ஒரே ஒரு வரி அடித்து என்டர் தட்டினால்
முப்பத்திரண்டு கோப்புகள்.
மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றி
முதல் மிடறு உறிஞ்சுவதற்குள்
ஃபோல்டருக்குள் ஃபோல்டராக
வீடு எழும்பி நிற்கும், கதவுத் தாழ்ப்பாள் முதற்கொண்டு.
கறுப்புத் திரை கேட்பது மூன்றே கேள்வி:
திட்டத்தின் பெயர்?
எழுதுபவர் பெயர்?
தேதியை எந்த வரிசையில் எழுதுவீர்கள்?
மூன்றாவதை யாரும் படிப்பதில்லை. என்டர்தான்.

இந்த வாரம் பல் மருத்துவமனை.
போன மாதம் பூனஸ் அயர்ஸ் போகும் படகுக்கு டிக்கெட்.
அதற்கு முன்னால் ஒரு பூக்கடை,
கல்லறைக்கு ஆண்டு வாடகை கட்ட ஒரு செயலி.
எல்லாம் ஒரே வார்ப்பு.
மான்டிவிடியோவில், துராஸ்னோ தெருவில், இரண்டாம் மாடியில்
ஐந்து பேர் இப்படித்தான் பிழைக்கிறோம்.

ஒன்பதாவது கோப்பில்
அடைப்புக்குறிகளின் நெரிசலுக்கு நடுவே
எல்லாத் திட்டத்திலும் ஒரு கமெண்ட் இருக்கும்:
காத்திருப்பு 41 விநாடி. ஏனென்று இல்டாவிடம் கேட்கவும்.

எழுதியவன் வாஷிங்டன் பிதெகாயின்.
எங்கள் நாட்டில் அது ஆள் பெயர், சிரிக்காதீர்கள்.
நான் சேருமுன்பே போர்ச்சுகல் போய்விட்டான்.
அவன் நாற்காலி என்னிடம். வலப்பக்கம் சாயும்.

இல்டா யார்?
தெரியாது. வேலை நடக்கிறதல்லவா, விடு.
கேட்கவும் கேட்கவும் என்று
நூற்று அறுபத்து மூன்று திட்டங்கள்
ஆளில்லாத குளிர் அறைகளில் முணுமுணுத்துக் கிடந்தன.

ஜூன் மாதம். ஆற்றிலிருந்து வந்த காற்று
ஜன்னல் சட்டத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.
பல் மருத்துவர் பெத்தாங்கோர் போனில் கத்தினார்:
"இணைப்பு அறுந்துபோனதை ஒப்புக்கொள்ள
உன் பெட்டிக்கு நாற்பத்தொரு விநாடியா?
வாயைத் திறந்தபடி ஆள் படுத்திருக்கிறான் அம்மா!"

பழைய ரசீதுக் கோப்பைத் துழாவினேன்.
எங்கள் முதல் வாடிக்கையாளர்
பாய்சாந்து மாட்டுச் சந்தை.
தராசுப் பொறுப்பு: இல்டா சரசூவா.
எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தது; முன்னால் நான்கு சேர்த்தேன்.
மணி அடித்தது.
பின்னணியில் ஏதோ அம்மா என்றது.

"நாற்பத்தொன்றா? ஐயோ, அந்தப் பையன்!
தராசில் ஏறிய மாடு அசையாமல் நிற்க
எத்தனை நேரம் என்று கேட்டான்.
எனக்கெப்படித் தெரியும்?
மழையில் நின்று என் கைக்கடிகாரத்தில் பார்த்தோம்.
சாதுக்கள் இருபதில் நின்றன.
மிரண்டது ஒன்று, நெற்றி வெள்ளை,
நாற்பது எடுத்துக்கொண்டது.
ஒரு விநாடி அவனே சேர்த்தான்,
அவசரப்படுத்தினால் அதற்குப் பிடிக்காதாம்."
பிறகு சொன்னாள்:
"இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை."

போனை வைத்தேன்.
பூக்கடையில் ஒரு மாடு தராசில் ஏறியது.
படகுத்துறையில் பெட்டிகளோடு நிற்கும் சனத்துக்கு நடுவில்,
கல்லறைச் செயலியில், விதவை ஒருத்தி
அட்டை எண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்திருக்க,
பல் மருத்துவரின் விளக்குக்கு அடியில்,
நெற்றி வெள்ளை
முன்னங்காலை மாற்றி வைக்கிறது,
இன்னும் நிற்கவில்லை.

பல் மருத்துவருக்கு ஐந்து விநாடி போட்டுக் கொடுத்தேன்.
மற்றவற்றுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.
அச்சைத் திருத்தினால் அச்சுத்தான் திருந்தும்;
வார்த்துப் போனவை திரும்பிப் பார்ப்பதில்லை.

இருந்தாலும், எல்லோரும் போன பிறகு
நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன்:
எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?
பதில் சொல்லாவிட்டால்: மாடு.

காலையில் நௌயெல் வந்தான்,
ஈரக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
புதுத் திட்டம், ஏதோ சலவைக்கடை.
பெயர் அடித்தான். பெயர் அடித்தான்.
என்டர்.
என்டர்.