பாரம்

டயர் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம்.
பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு
செம்பனையையும் வெட்டி வீடு கட்டிவிட்ட
பாடாங் செராயில்
ரப்பர் வாசம் மிச்சமிருப்பது
இந்தப் படிக்கட்டில் மட்டும்தான்.

மூன்று மாதப் பயிற்சி. பஸ் காசு தருவார்கள்.
மனித உரிமைக்காக முழங்கும் கனவொன்றைப்
பையில் மடித்து வைத்திருந்தேன்.
முதல் நாள் கொடுத்த வேலை
நகல் இயந்திரத்தில் சிக்கிய தாளைக்
கிழியாமல் இழுப்பது.
"சட்டம் அப்புறம்" என்றார் மெக்டலின் அக்கா.
"கையெழுத்தைச் சரி பண்ணு முதல்ல."

இங்கே விண்ணப்பத்துக்குப் பாரம் என்று பேர்.
பாரம் நனைஞ்சிருச்சு.
பாரத்த எலி கடிச்சிருச்சு.
எம் பாரம் மேல போயிருச்சா, தங்கச்சி?
ஒரு வாரம் சிரித்தேன்.
பிறகு தூக்கத்திலும் நிரப்பினேன்.

யோகமலருக்குப் பத்தொன்பது.
கார் கழுவும் கடையில் வேலை.
பிறப்புப் பத்திரம் இல்லை, அட்டை இல்லை.
ரோட்டில் போலீஸ் தடுப்பு என்றால்
பனைக்குள் மூன்று கிலோமீட்டர் சுற்றி
வேலைக்குப் போவாளாம்.
சிரித்துக்கொண்டே சொன்னாள்.
நான் சிரிக்காமல் எழுதிக்கொண்டேன்.
அது தப்போ என்று
இப்போது தோன்றுகிறது.

பிறந்ததற்குச் சாட்சி கேட்கிறது பாரம்.
எதிர் நாற்காலியில் அவள் மூச்சு விடுவது
செல்லாது.
தோட்டத்து ஆஸ்பத்திரி ஏடு கறையானுக்குப் போனது.
அம்மா இல்லை.
அப்பா லூமுட்டில், இன்னொரு குடும்பத்தோடு,
போன் எடுக்காமல்.

சூராவுக்குப் பின்னால் நாசி லெமாக் விற்கிற
சபாரியா மாக் சிக்தான் அன்று கொடி அறுத்தவர்.
தோட்டத்துத் தமிழில் சொன்னார்:
"நல்ல மழ. டிவியில பூப்பந்து பைனல்.
இவ தல தெரியுது, கரண்டு போயிருச்சு.
யாரு ஜெயிச்சதுன்னு
மறுநாள்தான் தெரியும்."
தேதி?
தேதி தெரியாது.
மழைக்குப் பாரத்தில் கட்டம் இல்லை.

நான்கு இரவு
பழைய பத்திரிகைகளில் பூப்பந்து தேடினேன்.
அந்த வருடம் மூன்று இறுதியாட்டங்கள்,
ஒன்றின் மறுநாள் தாளில்
ஏழாம் பக்கத்தில் ஒரு மூலையில்
கூலிமில் வெள்ளம்.
தனியறையில் கத்தியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் வேலை நாள்.
எங்கள் எண் நூற்றுப் பதினான்கு.
யோகமலர் இரவல் சட்டையில்
முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.
அதிகாரி கெட்டவர் இல்லை.
மேசையில் அவர் பிள்ளைகளின் படம்.
பாரத்தைத் திருப்பி
விரலை ஓரிடத்தில் வைத்தார்.
ஏ/பி இருக்க வேண்டிய இடத்தில் ஏ/எல்.
மகள் அல்ல, மகன்.
என் கையெழுத்து.
மிக அழகான என் கையெழுத்து.

பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை.
லூனாஸ் தாண்டியதும் அவள்தான் சொன்னாள்:
"விடுங்கக்கா.
இத்தன வருசமா நான் ஒண்ணுமே இல்ல.
இன்னிக்குப் பத்து நிமிசம்
யாருக்கோ மகனா இருந்தேன்."

இரண்டாவது பாரத்தை
அவளையே எழுத வைத்தேன்.
கோணல் எழுத்து, பிழையில்லாத எழுத்து.
வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டு தந்தார்கள்,
பதில் தபாலில் வருமென்று.

கடைசி நாள் எனக்கொரு சான்றிதழ்.
அதில் என் பேரில் ஓர் எழுத்து தப்பு.
மெக்டலின் அக்கா அசடு வழிந்து
இரண்டு நிமிடத்தில்
வேறு அச்சடித்துத் தந்தார்.
இரண்டு நிமிடம்.
தப்பான தாளைத்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

மாதம் ஒரு தடவை செய்தி வருகிறது.
"தபால்காரர் வந்தாரு. நமக்கில்ல."
நமக்கு என்று எழுதுகிறாள்.

இன்று ஞாயிறு.
கோலாலம்பூரில் துணி துவைக்கிறார்கள்.
அங்கே கௌண்டர்
இந்நேரம் திறந்திருக்கும்.